காத்தா? எந்தக் காத்து?

"இனிமே இந்த வீட்டுக்குள்ள என் அனுமதி இல்லாம ஒரு பொட்டுக் காத்து நுழையாது!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலாளர் இப்படிச் சபதம் செய்தார். அவர் மேலாளராக இருந்தது அலுவலகத்தில். வீட்டிலும் அப்படித்தான் என்பது அவருடைய நினைப்பு.

அந்த வீட்டில் காற்று புகாத அறை ஒன்றே ஒன்று. அதில் அவருடைய சாய்வு நாற்காலி காலை நீட்டிக் குடியிருந்தது. பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கும் மனைவியோ ஹாலில், ஸ்லைடிங் ஜன்னல் ஓரமாக, போர்வைக்குள் சுருண்டு, பறக்கிற தாள்மேல் கரண்டியை வைத்துக்கொண்டு படித்தாள். படிக்கிறவளுக்கு அறை, சாய்கிறவருக்கு ஹால் என்பதுதானே நியாயம்? நியாயம் பேசினால் நாற்காலி நகர்ந்துவிடுமா?

"என்னங்க, பரீட்சை முடியற வரைக்கும் அந்த ரூமைக் குடுங்களேன். விரலெல்லாம் விறைச்சுப் போகுது."

"ரூம் எதுக்கு? காத்தைத்தானே நிறுத்தணும்? நிறுத்திட்டாப் போச்சு!"

"சரி, ஆளைக் கூப்பிடுங்க."

"ஒரு ஜன்னலுக்கு ஆளா? அப்ப நான் யாரு?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. அதையும் போர்வையோடு சேர்த்து மடித்து வைத்தாள்.

வேலை தொடங்கியது. இரண்டு கண்ணாடிக் கதவுகளையும் தூக்கிக் கழற்றினார். அவை ஓடுகிற தடத்தில் இருந்த மண்ணைப் பழைய டூத்பிரஷ்ஷால் தோண்டினார். அது பழையது இல்லை, மனைவியுடையது என்பது பிறகு தெரிந்தது. கதவோரத்தில் காற்றைத் தடுக்கும் பட்டை நைந்திருந்தது. அதை உரித்துப் புதுசு ஒட்டினார். கூடவே தன் கட்டைவிரலையும் ஒட்டிக்கொண்டார்.

"தண்ணி கொண்டா! துணி கொண்டா! அதை அங்க பிடி! இதை ஏன் பிடிச்சே?"

சாயங்காலம் கதவுகளைத் திரும்ப மாட்டும்போது மனைவி மெல்ல வாயைத் திறந்தாள்.

"என்னங்க, அது வந்து..."

"சத்தம் போடாதே! வேலை நடக்குதுல்ல?"

மூடிவிட்டாள், வாயை. ஜன்னலைத்தான் மூட முடியவில்லை. தாழ்ப்பாள் விழ மறுத்தது. இரண்டு கதவுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. மேலாளர் அசரவில்லை. கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்.

"இப்பல்லாம் கயிறுதான்" என்றார்.

பெருமையைப் பார்க்க ஆள் வேண்டாமா? எதிர்வீட்டு வக்கீலைக் கூட்டிவந்தார்.

"பாருங்க சார், இழையளவு காத்து வருதா? இனிமே அந்த ரூம் எதுக்கு? உக்காந்தா இந்த ஹால்லதான் உக்காரணும்!"

வக்கீல், கலைந்த முடியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, "வரலை, வரலை" என்றார். எதிர்வீட்டு உறவு முக்கியம்.

"சார், நீங்கதான் சாட்சி" என்றாள் மனைவி. "நல்ல இடத்துல நான் உக்காந்துக்கிட்டு, இவரை அந்த ரூம்ல அடைச்சு வெக்கறது நல்லாவா இருக்கும்? வீட்டுக்குப் பெரியவர் இவர்தானே?"

மேலாளர் திரும்பிப் பார்ப்பதற்குள் நாற்காலி ஹாலுக்கு வந்துவிட்டது. பின்பக்கத்தைத் தள்ளியவர் வக்கீல். நுணல் மட்டுமா தன் வாயால் கெடும்?

அதன்பிறகு மேலாளர் குல்லாவும் ஸ்வெட்டருமாக ஹாலில் வாழ்ந்தார். செய்தித்தாளைப் படிப்பதைவிடத் துரத்திப் பிடிப்பதுதான் அதிகம். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

"குல்லா எதுக்குங்க?"

"அழகா இருக்குல்ல?"

"தும்மறீங்களே?"

"தூசி."

"காத்து ஏதும் வருதோ?"

"காத்தா? எந்தக் காத்து? ஹச்!"

உள்ளே, கதகதப்பான அறையில், தாள்கள் பறக்காமல் படிப்பு நடந்தது. தேர்வும் நடந்தது. நன்றாக எழுதிவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மேலாளர் மூக்கைத் துடைத்தபடி முன்னால் வந்து நின்றார்.

"வந்து... காத்துன்னு சொல்ல முடியாது. காத்து மாதிரி ஏதோ ஒண்ணு..."

அவள் பையை வைத்தாள். கயிற்றை அவிழ்த்தாள். "ஒரு கை பிடிங்க" என்று இரண்டு கதவுகளையும் கழற்றினாள். உள்தடத்தில் இருந்ததை வெளித்தடத்திலும், வெளித்தடத்தில் இருந்ததை உள்தடத்திலும் மாற்றி இறக்கி, இழுத்து மூடினாள். பட்டையோடு பட்டை பொருந்தியது. தாழ்ப்பாள் 'டக்' என்று விழுந்தது. காற்று கப்சிப்.

மேலாளர் குல்லாவைக் கழற்றினார்.

"மாத்தி மாட்டியிருக்கேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க மாட்டும்போதே."

"அப்பவே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"திறந்தேனே! நீங்கதான் 'சத்தம் போடாதே'ன்னு சொல்லிட்டீங்க."