பனி இருக்கிற வரைக்கும் படம்

அன்பு மருமகள் டெல்ஃபினுக்கு, மாமன் எல்வுட் எழுதிக்கொள்வது. நான் நலம், உன் அத்தை டோரீன் நலம், ஏரி போன வாரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீ படப்பிடிப்புக்குப் போயிருக்கும் வடக்கே போன் எடுக்காது என்பதால், அங்கே விமானம் ஏறுகிற நர்ஸம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழியில் அவர் பிரித்துப் பார்த்தாலும் கவலையில்லை, என் கையெழுத்து அவருக்கும் புரியாது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதுவரை நீ எடுத்த படம் ஒன்றைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. முதல் படத்தில் ஒரு ஆள் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீனுக்காக உட்கார்ந்திருந்தார். மீன் கடித்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தூங்கிவிட்டேன். அதற்கு நகரத்தில் பரிசு கொடுத்தார்கள் என்றதும், சரி, கடித்திருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது படத்தில் எனக்கே வேஷம் கொடுத்தாய். என் முதுகு நன்றாக நடித்திருந்ததாக ஊரே சொன்னது, அது வருவதற்குள் நான் குறட்டை. நீ எழுதிய கதைப் புத்தகம் மட்டும் முழுசாகத் தெரியும், டோரீன் வாசித்துக் காட்டினாள். அதில் ஓயாமல் பேசி எல்லோர் காரியத்தையும் கெடுக்கிற மாமா ஒருவர் வருகிறார். யாரைப் பார்த்து எழுதினாயோ, பாவம் அந்த ஆள்.

இப்போது உன் முதல் பெரிய படத்துக்கு வருகிறேன். கிளம்பும்போது நீ இரண்டு விஷயம் சொன்னாய். டிவிக்கார ஹாலிஸ் அம்மா செப்டம்பரில்தான் வர முடியும், ஊர் சனங்களோடு உட்கார்ந்து பார்த்துப் பிடித்தால்தான் வாங்குவார், இல்லாவிட்டால் நீ மறுபடியும் கல்யாண வீடியோ எடுக்கப் போகவேண்டியதுதான் என்றாய். அதே மூச்சில், வெரோனிக் பெரியம்மா சம்மதிக்காமல் படத்தை ஓட்டவே கூடாது என்றாய். படத்தில் இருப்பதோ நம் பூர்வகுடிச் சனத்தின் பழைய கதை. அதைத் தரையில் பனி கிடக்கும்போதுதான் சொல்லலாம், மற்ற காலத்தில் சொன்னால் சொன்னவன் படுக்கையில் தவளை வந்து படுக்கும் என்று எனக்குப் பால் பல் விழுமுன்பே சொல்லி வைத்தவள் அந்தப் பெரியம்மாதான், என் அக்கா. வெளியே ஆட்கள் அரைக்கால் சட்டையோடு திரிகிறார்கள். இரண்டையும் என் தலையில் கட்டிவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய்.

பெரியவர்களிடம் ஒன்று கேட்கப் போகும் நம் முறைப்படி ஒரு பொட்டலம் புகையிலையைக் கொண்டுபோய் அக்கா முன்னால் வைத்தேன். அவள் அதை எடுத்துக்கொள்ளாமல் என்னையே பார்த்தாள்.

"எல்வுட், தரையில பனி கிடக்கணும். அவ்ளோதான்."

"கிடந்தா போதுமாக்கா?"

"போதும்."

"வானத்துலேர்ந்துதான் விழணும்னு ஏதாவது இருக்கா?"

"நீ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்டா" என்று சொல்லிப் புகையிலையை எடுத்துக்கொண்டாள். இருக்கு என்று சொல்லவில்லை, கவனி.

மாமன் என்ன வேலை பார்க்கிறான் என்று பட உலகத்தில் யாராவது கேட்டால் நீ பேச்சை மாற்றுவாய், எனக்குத் தெரியும். ஹாக்கி அரங்கில் பனித்தரையைச் சுரண்டி வழவழப்பாக்குகிற வண்டி ஓட்டுகிறவன்தான் ஹாலிஸ் அம்மா வந்த அன்றைக்கு உன்னைக் காப்பாற்றினான். பிள்ளைகள் பயிற்சி முடிந்ததும் ஒரு தடவைக்கு மூன்று தடவையாகச் சுரண்டினேன். தரை மெலிந்து அடியிலிருக்கும் சிவப்புக் கோடு கண் சிமிட்டியது. சுரண்டிய பனியை அரங்கத்தின் பின்னால் கொட்டாமல், அப்படியே வண்டியை ரோட்டில் இறக்கி, படம் போடவிருந்த ஊர்க் கூடம் வரைக்கும் ஓட்டிப் போனேன். அது ஆமைக்கு அண்ணன். பின்னால் பள்ளிப் பேருந்து ஒன்று, அதன் பின்னால் போலீஸ்காரர் பேஸில். அவர் முதலில் சைரன் போட்டார், விஷயத்தைக் கேட்டதும் முன்னால் போய் வழி ஒதுக்கிக் கொடுத்தார். கூடத்து வாசலில் குவித்துக் கொட்டினேன். அழகான குவியல், கொஞ்சம் சாம்பல் நிறம்.

அக்கா வந்து குனிந்து பார்த்தாள். கால் விரலால் கிளறினாள். உள்ளேயிருந்து, ஹாக்கி ஆட்டத்தில் யாரோ ஒரு பிள்ளை உதிர்த்த பல் வந்தது.

"இது பனியாடா?"

"பல்லை எடுத்துட்டா பனிதான்கா."

சனங்கள் எல்லாம் பொரித்த ரொட்டியும் கையுமாக அவள் வாயையே பார்த்தார்கள். ஹாலிஸ் அம்மாவும் பார்த்தார், எதற்கென்று தெரியாமல். கடைசியில் அக்கா சொன்னாள்: "சரி. பனி இருக்கிற வரைக்கும் படம் ஓடட்டும். கரைஞ்சா நிறுத்திடணும்." சொல்லிவிட்டு உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜன்னல்களில் போர்வை மாட்டி இருட்டாக்கிப் படத்தைப் போட்டார்கள். வெளியே வெயில் என்றால் உனக்குப் பிடித்த வெயில். பாதிப் படத்தில் குவியலும் பாதியாகிவிட்டது. யாராவது ஒருவர் எழுந்து வந்து பார்ப்பார், உள்ளே போய் "இன்னும் இருக்கு!" என்று கத்துவார், உடனே அடுத்தவர் எழுந்து வருவார். அப்புறம் ஆளுக்கு ஒரு வேலை எடுத்துக்கொண்டார்கள். மீன் பெட்டியிலிருந்த ஐஸைப் போடலாமா என்றார் ஒருவர், அது பனி இல்லை ஐஸ் என்று சண்டை வந்தது. டோரீன் தார்ப்பாயைப் பிடித்தாள். பேஸில் தன் தொப்பியால் விசிறினார், அதனால் இன்னும் சீக்கிரம் கரைந்தது. ஹாலிஸ் அம்மா கண் கலங்க வெளியே வந்து என்னைக் கேட்டார்:

"யாருக்குமே படம் பிடிக்கலையா? ஒவ்வொருத்தரா எழுந்து போறாங்களே."

"பிடிச்சதாலதாங்க வெளியே நிக்கிறாங்க. இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்று தார்ப்பாயைக் கொடுத்தேன். நல்ல பொம்பளை, பிடித்தார்.

ஆனால் வெயிலிடம் நம் பாச்சா பலிக்கவில்லை. எல்லாம் சகதியாகி, ஒரு கைப்பிடிதான் மிச்சம். அதை அள்ளிக் காபிக் கோப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன். முடிவு வரவில்லை, திரையில் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். அக்காவின் காலடியில், தரையில், கோப்பையை வைத்தேன். அவள் ஒரு கண்ணால் பார்த்தாள்.

"அது தண்ணி."

"அடியில கொஞ்சம் இருக்குக்கா."

"மறைக்காதே, தள்ளு" என்றாள்.

நான் தள்ளி நின்று, திரையைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்தேன். எங்கள் அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட எல்லோருக்கும் சூப் ஊற்றிக்கொண்டே நின்றவள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டதை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். துடைத்தது என் சட்டை நுனியில். விளக்குப் போட்டதும் கோப்பையை எடுத்து எட்டிப் பார்த்தாள், அந்தத் தண்ணீரைக் குடித்தாள். "அந்தப் புள்ள சரியாத்தான் சொல்லியிருக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதற்காகத்தான் இவ்வளவு பக்கம்.

ஹாலிஸ் அம்மா படத்தை வாங்கிக்கொள்கிறார். அவரும் பாதிதான் பார்த்தார், ஆனால் தார்ப்பாய் பிடித்த யாரும் இனி அந்தப் படத்தை விடமாட்டார்கள். ஒரே ஒரு விஷயம், ஒளிபரப்ப ஜூலையில்தான் இடம் இருக்கிறதாம். நாடு முழுக்கப் பனி கொட்ட என் வண்டி போதாது. ஆனாலும் நீ தைரியமாகக் கையெழுத்துப் போடு. கடைசிக் காட்சி வெறும் தண்ணீரில்தான் ஓடியது, எனக்கு என்ன ஆகிவிட்டது? தவளையெல்லாம் பிள்ளைகளை அடக்கச் சொன்னது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காலை உலர்த்திக்கொள், கேமராவைக் கீழே போடாதே. நம் முன்னோர்கள் உன் பின்னால் நிற்கட்டும், படத்தில் விழாமல். மீக்வெச், நன்றி மருமகளே.

உன் மாமன்,
எல்வுட்

பின்குறிப்பு: ஜூலை வேண்டாம். ஜனவரி கேட்டுப் பார். கடிதத்தை முடித்துவிட்டு மத்தியானம் கொஞ்சம் தலை சாய்க்கலாம் என்று போனேன். போர்வைக்குள் தவளை இருந்தது. நடுத்தர அளவு.