கீரை ராஜாவின் எடை

எடை போட இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது. கோர்பினியன் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, கோட்டின் உள்துணிக்குள் கூழாங்கற்களை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தான்.

மூன்று கிலோ இருநூறு கிராம். சமையலறைத் தராசில் இரண்டு முறை நிறுத்துப் பார்த்தாகிவிட்டது.

மனைவி வீப்கே கதவைத் தட்டினாள். "கோர்பி, உள்ள என்ன பண்ற?"

"பட்டன் தைக்கிறேன்."

"ஊசிய எடுத்துட்டுப் போயி ஒரு மணி நேரமாச்சு. எத்தனை பட்டன்?"

வீப்கே வீட்டார் வருடாவருடம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கீரை நடை போவார்கள். விடுதியில் எடை பார்த்துவிட்டுக் கிளம்பி, வழியெல்லாம் பந்து உருட்டி ஆடிவிட்டு, அதே விடுதிக்குத் திரும்பிக் கேல் கீரையும் தொத்திறைச்சியும் சாப்பிட்டு, மறுபடியும் எடை பார்ப்பார்கள். அதிகம் ஏறியவர்தான் கீரை ராஜா. கழுத்தில் பன்றித் தாடையெலும்பு மாலை விழும். அடுத்த வருட நடையின் பாதை, அணி, பானங்கள் ஏற்றும் தள்ளுவண்டி எல்லாம் அவர் பொறுப்பு.

கோர்பினியன் தெற்கே பவேரியாவிலிருந்து வந்த மருமகன். மூன்று வருடங்களாக அவன்தான் ராஜா. வேலைக்கு அவன் சுணங்கவில்லை. ஆனால் போன கிறிஸ்துமஸுக்கு இழுத்தால் நீளும் பெல்ட் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இந்த வீட்டுக்குத் தான் ஒரு வயிறு மட்டும்தானா என்ற கேள்வி அன்றிலிருந்து செரிக்கவில்லை.

முதல் எடையில் கனத்தால், இரண்டாவதில் இளைக்கலாம். கணக்கு எளிது.

விடுதியின் பின்கட்டில் பழைய உருளைக்கிழங்குத் தராசு இருந்தது. முள் இருக்கும் பக்கம் விடுதிக்கார ஹில்கே நின்று, பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வாள். வாய்விட்டுச் சொல்லமாட்டாள். எடை அவரவர் அந்தரங்கம்.

"கோட்டோடவா ஏறுறீங்க, தம்பி?"

"குளிருதுக்கா."

ஹில்கே நோட்டில் எழுதினாள்.

நடை தொடங்கியது. அணி பிரித்ததும் அவன்தான். மாமனார் எய்லர்ட்டுக்கும் அவர் தம்பி டாம்மேவுக்கும் ஒரு வாய்க்கால் தகராறில் ஏழு வருடமாகப் பேச்சில்லை. மற்றவர்கள் ராஜாவாக இருந்த காலத்தில் இருவரையும் எதிரெதிர் அணியில் வைத்தார்கள். கோர்பினியன் மட்டும், இரண்டு பேரும் நன்றாக உருட்டுகிறார்கள் என்று ஒரே அணியில் போட்டுவிடுவான்.

"காத்து இடது பக்கம் தள்ளுதுன்னு அவன்கிட்ட சொல்லுமா," என்றார் எய்லர்ட், வீப்கேவிடம்.

"காத்து எனக்கும்தான் அடிக்குதுன்னு அவர்கிட்ட சொல்லு," என்றார் டாம்மே.

மூன்றாவது உருட்டிலேயே பந்து வாய்க்காலில் விழுந்தது. வலைக்கம்பால் அதை எடுப்பது ராஜாவின் கடமை. கோர்பினியன் குனிந்தான். கற்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. அவனும் கற்களோடு போய், இடுப்பளவு தண்ணீரில் நின்றான்.

அண்ணன் ஒரு கையையும் தம்பி ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள்.

"என்னடா இது, சினைமாடு மாதிரி கனக்குறான்."

"பேசாம இழுண்ணே."

இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மருமகனைப் பார்த்தார்கள்.

கோர்பினியன் வேலிக்குப் பின்னால் ஓடி, உள்துணியைக் கிழித்துக் கற்களைக் கொட்டினான். ஆனால் கோட்டு குடித்திருந்த தண்ணீர் கற்களைவிடக் கனத்தது. அதைத் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு, வெறும் சட்டையோடு பல் கிடுகிடுக்க நடந்தான்.

"உடம்புக்கு வந்துடும்," என்றாள் வீப்கே. "போனதும் சூடா நல்லா சாப்பிடு."

அதைத்தான் அவன் செய்வதாக இல்லை. மேஜையில் அவனுக்கு வலப்புறம் டாம்மே, அவருக்கு அந்தப்பக்கம் எய்லர்ட். டாம்மே ஜன்னலைப் பார்த்த நேரத்தில் கோர்பினியன் தன் தொத்திறைச்சியை அவர் தட்டுக்கு நகர்த்தினான். கீரையையும் கரண்டி கரண்டியாகத் தள்ளிவிட்டான்.

டாம்மே தட்டைப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"எனக்கு இது பிடிக்கும்னு இன்னும் ஞாபகம் இருக்கா?"

எய்லர்ட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஏழு வருடத்துக்குப் பிறகு தம்பி நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"இல்லாம என்னடா," என்றார்.

இதற்குள் ஹில்கே, "பாருங்க, மருமகன் தட்டு அதுக்குள்ள காலி," என்று மறுபடி குவித்துவிட்டாள். மேஜை முழுக்கச் சிரித்தது. அவன் காலி செய்ய, அவள் நிரப்ப, மூன்று தட்டு போனது. அவன் வயிற்றுக்குள் போனது நாலு இலை. டாம்மேவால் எழுந்திருக்கவே முடியவில்லை.

இரண்டாவது எடைக்குக் கோர்பினியன் ஷூவையும் கழற்றிவிட்டு ஏறினான். மூச்சைக்கூட வெளியே விட்டுவிட்டான். ஹில்கே நோட்டைப் புரட்டி, கூட்டிக் கழித்து, தொண்டையைச் செருமினாள்.

"கோர்பினியன். மூணு கிலோ நூறு கூடுதல்."

ஆரவாரத்தில் விடுதி அதிர்ந்தது. மாமனார் ஒரு பக்கம், டாம்மே ஒரு பக்கம் பிடித்துத் தாடையெலும்பு மாலையை அவன் கழுத்தில் போட்டார்கள்.

அவன் மாலையோடு நேரே சமையலறைக்குப் போனான். அங்கே ஹில்கே தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. காலைல கோட்டுக்குள்ள மூணு கிலோ கல்லு வெச்சிருந்தேன். இப்போ கோட்டும் இல்ல, கல்லும் இல்ல. சாப்பிட்டது நாலு இலை. நான் எப்படிக்கா ஏற முடியும்?"

ஹில்கே கையைத் துடைத்துக்கொண்டாள். கூடத்தில் அண்ணனும் தம்பியும் எதற்கோ சேர்ந்து சிரிப்பது கேட்டது.

"அந்த முள்ளு அசைஞ்சு பதினோரு வருஷம் ஆச்சு, தம்பி. நடை அன்னிக்குக் காலைல உங்க மாமனார் முன்வாசல்ல வருவாரு, அவரு தம்பி பின்வாசல்ல வருவாரு. அந்தப் பையன் நடத்தினாத்தான் எங்களை ஒரே அணியில போடுவான்னு, ரெண்டு பேரும் தனித்தனியா உங்க பேரைத்தான் சொல்லிட்டுப் போவாங்க."