நாற்பதைத் தொடாத கார்

மரியாதைக்குரிய பெரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுவது. நீங்களும் மாமாவும் நலமாகவும், உங்கள் முழங்கால் வலி மட்டும் நலமில்லாமலும் இருக்க வேண்டுகிறேன். இங்கே அப்பா, அம்மா, சித்தப்பா, நான் என நால்வரும் சௌக்கியம், எல்லோருக்கும் மூக்குத் தோல் உரிந்திருப்பதைத் தவிர. போனில் சொன்னால் போதுமே என்றாள் அம்மா. ஆனால் போனில் உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு "ம்" தவிர வேறெதுவும் வராது. போன தடவை நான் சொன்ன "ம்"களை எண்ணிப் பார்த்துத்தான் எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். அதனால் கடிதமே நல்லது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் உங்கள் பேக்கரி முதலாளியம்மா முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். கவுன்டரில் நின்று வருகிறவர்களையெல்லாம் சிரித்த முகமாக விசாரிக்கும் வேலை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பெண்ணுக்கு இப்படி ஓர் இடம் அமைவது லேசில்லை என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. நான் வராததற்குக் காரணம் நான் இல்லை, கார். முதலாளியம்மாவிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வசதியாக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்துவிட்டால் பிள்ளைக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை என்று அப்பாதான் ஆரம்பித்தார். காலைப் படகில் தீவுக்குப் போவது, அங்கே ஒரு கார் வாடகைக்கு எடுத்துச் சுற்றிப் பார்ப்பது, மாலை ஐந்தரை மணிக்குக் கடைசிப் படகில் திரும்பி உங்கள் ஊருக்குப் பேருந்து ஏறுவது என்று திட்டம். படகுத்துறைக் கடையில் கரண்டு கார்தான் இருந்தது. கடைக்காரப் பெண் எதை எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லித்தர வந்தாள். முப்பது வருஷம் லாரி ஓட்டியவனுக்கா என்று அப்பா சிரித்து அவளை அனுப்பிவிட்டார். அதன்பிறகு பித்தானை அழுத்தினார், சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார், அப்போதும் வரவில்லை. அது ஒரு தடவை அழுத்தினால் உயிர் வருகிறது, மறு தடவை அழுத்தினால் அணைகிறது, இரண்டுக்கும் சத்தமே கிடையாது. இப்படியே கால்மணி நேரம் அதை எழுப்புவதும் தூங்கவைப்பதுமாக இருந்தார். கடைசியில் கிளம்பிய பிறகும் நம்பாமல் காதைக் கதவில் வைத்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். "ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கு, மரமெல்லாம் பின்னாடி போகுது பாருங்க" என்று அம்மா சொன்ன பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்பா படிக்கிற கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் இருப்பதை வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. திரை நடுவில் பெரிதாக 31 என்று இருந்தது, அதன் தலைமாட்டில் ஒரு குட்டி வட்டம். சித்தப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். மின்விசிறி பழுது பார்ப்பவர் என்பதால் வீட்டில் அவரை இன்ஜினியர் என்றே கூப்பிடுகிறோம் அல்லவா, அந்த மரியாதைக்கு ஏற்றபடி, இது பேட்டரி, அந்த வட்டம் பேட்டரியின் மூடி, நூற்றுக்கு முப்பத்தொன்றுதான் சார்ஜ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். திரும்பிப் போய்க் கேட்கலாம் என்றாள் அம்மா. திரும்பிப் போகவும் சார்ஜ் செலவாகும் என்றார் சித்தப்பா. அப்பா நேராகவே ஓட்டினார்.

கலங்கரை விளக்கத்துக்கு மலைப்பாதையில் ஏற ஏற நான் முப்பது என்றேன், இருபத்தொன்பது என்றேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அப்பா ஒன்றை நிறுத்தினார். முதலில் ஏசி, பிறகு பாட்டு, பிறகு அம்மா போனைச் சொருகியிருந்த ஒயர். இருபத்தெட்டில் பாரம் குறைக்க வேண்டும் என்று அம்மாவை இறங்கச் சொன்னார்கள். அம்மா அசையவில்லை. "இருபது வருஷமா இந்தக் குடும்பத்தை நான் சுமக்கிறேன். ஒரு மலைக்கு என்னைச் சுமக்க உங்களால முடியலையா?" என்றாள். சித்தப்பா இறங்கி நடந்தார். அவர் இறங்கியும் இருபத்தேழு ஆனது. அவர் எடையில் ஒரு பகுதியைக் காரிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார் என்றாள் அம்மா. உச்சியில் கடல் மூன்று பக்கமும் தெரியும் என்று சொன்னார்கள். அம்மா மட்டும் பார்த்தாள். நாங்கள் மூவரும் இருபத்தேழைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறங்கும்போதுதான் அதிசயம். இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று ஏறியது. அப்பா காரைத் தட்டிக்கொடுத்து, லாரி கூட இவ்வளவு நன்றியோடு இருந்ததில்லை என்றார். சாப்பிட மரத்தடியில் நிறுத்தினோம், ஒன்று குறைந்தது. வெயிலுக்குத் தள்ளினோம், இரண்டு கூடியது. உடனே சித்தப்பா சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து, கூரைக்குள் சூரியத் தகடு ஒளித்துவைத்திருக்கிறார்கள், தொழில் ரகசியம் என்பதால் வெளியே சொல்லவில்லை என்று அறிவித்தார். படகுத்துறை பதினோரு கிலோமீட்டர். நாற்பது இல்லாமல் நகரமாட்டேன் என்று அப்பா சத்தியம் செய்தார்.

அத்தை, மதியம் முழுக்க நாங்கள் ஒரு பாறை வெளியில் கார் காய்வதைக் காவல் காத்தோம். அப்பா கைக்குட்டையை நனைத்துக் கூரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சித்தப்பா ஒரு கையில் அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடி, மறு கையில் சாப்பாட்டுத் தூக்கின் மூடி என்று பிடித்து வெயிலைக் கூரைமேல் திருப்பினார். நான் உள்ளே வெந்துகொண்டு எண்ணைச் சொன்னேன். முப்பத்தாறு வந்தது. ஒரு மேகம் வந்து முப்பத்துநான்கு ஆக்கியது. அப்பா அந்த மேகத்தைப் பார்த்துச் சொன்னதை நான் எழுத முடியாது. அந்த வழியாக எங்கள் கார் மாதிரியே இன்னொன்றில் ஒரு ஜோடி, ஜன்னலை ஏற்றிவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு, கை காட்டிப் போனது. "பாவம்டா, பாதி வழியில நிக்கப் போறாங்க" என்றார் அப்பா. திரும்பி வந்தபோதும் கை காட்டினார்கள்.

நாலரைக்கு மேல் வெயில் இறங்கவும் எண்ணும் இறங்கியது. இனிப் பொறுத்தால் அதுவும் போகும் என்று கிளம்பி, சைக்கிளில் போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போகிற வேகத்தில் வந்தோம். கடற்காற்று பட்டதும் இருபத்தெட்டு. கடைசி ஒரு கிலோமீட்டருக்கு அப்பா காரை அணைத்துவிட்டார், மிச்சம் பிடித்துத் திருப்பிக் கொடுப்பதுதான் கௌரவம் என்று. எல்லோரும் தள்ளினோம். படகுத்துறைக்கு வந்தபோது படகின் பின்பக்கம் தெரிந்தது. அப்பா என் தலையில் கை வைத்து, "உன் வேலையை நானே கெடுத்துட்டேன் பாப்பா" என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். காத்திருக்கும் கூடத்துப் பெஞ்சுகளில் படுத்து, மறுநாள் ஒன்பது மணிப் படகில் திரும்பினோம்.

ஆகவே அத்தை, தவறு முழுக்கவும் அந்தக் காருடையது. கவுன்டரில் நிற்க நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதையும் முதலாளியம்மாவிடம் சொல்லுங்கள். அப்பாவை மட்டும் திட்டாதீர்கள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: அந்த எண் சார்ஜ் இல்லை. வெளியே எவ்வளவு சூடு என்று காட்டுகிற எண். காலையில் காரைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரப் பெண் திரையைப் பார்த்து, எண்பத்துநாலு சார்ஜ் இருக்கிறதே, காரை எடுத்துக்கொண்டு எங்கேயும் போகவில்லையா என்று என்னிடம் கேட்டாள். அப்பா அந்த நேரம் தள்ளி நின்றிருந்தார், இன்னும் அவருக்குத் தெரியாது. கூரைத் தகட்டைப் பெரிதாக வைக்கச் சொல்லி கம்பெனிக்குக் கடிதம் எழுதப்போகிறார், நான்தான் எழுதித்தர வேண்டுமாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது மூன்று மணிக்கே தெரியும். திரையில் தூசி துடைத்தேன், பக்கம் நகர்ந்து பச்சை நிறத்தில் பேட்டரி படமும் எண்பத்தாறும் வந்தன. அப்போதே சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே படகுத்துறையில் உட்கார்ந்திருப்போம். விரலால் பக்கத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, "முப்பத்தஞ்சுப்பா" என்றேன். அப்பாவிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதற்கு இரண்டு நாள் கொடுங்கள். உங்கள் பேக்கரியில் பின்பக்கம் மாவு பிசைகிறவர்கள் காலையிலிருந்து மதியம் வரை வாயே திறப்பதில்லை என்று நீங்கள் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டீர்கள். அங்கே ஓர் இடம் காலியானால் சொல்லுங்கள். படகு இல்லாவிட்டால் நீந்தி வருகிறேன். நீச்சல் தெரியாது, வழியில் கற்றுக்கொள்வேன்.