காரின் தலையில் ஏறிய ஏலக்காய் ஸ்டோர்

ஒன்றும் தெரியாதவன் கையில் கார் சிக்கினால் கார் மட்டும்தான் கெடும். அரைகுறையாகப் படித்தவன் கையில் சிக்கினால் குடும்பமே ரோட்டில் நிற்கும். எண்பதுகளில் எங்கள் குடும்பத்தைப் போடிமெட்டு ரோட்டில் நிறுத்திய பெருமை எனக்கே உண்டு. அப்போது நான் மதுரையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். (படித்தேன் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார்.)

ராஜாத்தி அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். குரங்கணியில் எங்களுக்கு ஏலத்தோட்டம். அங்கே எந்த டிரைவரும் ஏற்றத் தயங்குகிற பாதையில் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்பை ஏற்றிவிடுவாள். அவளுக்கு மெட்ராஸ் கார் பந்தயத்தில் ஓட்ட ஆசை. அவள் கெஞ்சலுக்கு இரங்கி அப்பா ஒரு பழைய பந்தயக் காரை வாங்கிக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு.

"போடிமெட்டுல நடக்கிற பந்தயத்துல மொதல்ல வா, மெட்ராசுக்கு அனுப்புறேன். இல்லேன்னா மறுநாளே வண்டிய வித்திருவேன்."

அடிவாரத்து முந்தலில் இருந்து மலைமேல் போடிமெட்டு வரை ஏற்றம். கார் பிரியர்கள் சிலர் கூடி நடத்தியது. ஒவ்வொரு காராக ஏற வேண்டும், குறைந்த நேரத்தில் ஏறியவருக்கு வெற்றி.

அந்தக் காரில் டர்போ இருந்தது. புகை வெளியேறும் வேகத்தில் ஒரு விசிறி சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். திணித்த காற்று சூடாகிவிடும், சூடான காற்றுக்குத் தெம்பு கிடையாது. அதை நடுவழியில் ஆற்றி அனுப்புகிற சாமான்தான் இன்டர்கூலர். எங்கள் காரில் அது மட்டும் இல்லை. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்தாள்.

கோயமுத்தூர் கடைக்காரர் ஒன்றைக் காட்டினார். ஸ்லேட்டு அளவுதான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் யார், ஏலக்காய்க் குடும்பத்துப் பிள்ளை அல்லவா! காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பின் சூட்டுப் புகை தகரக் குழாய் வழியாக அறையைச் சுற்றி வரும். குழாய் நீள நீள, புகை தன் சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு ஆறிப்போய் வெளியேறும். அப்படியானால் காருக்கு வேண்டியது என்ன? நீளமான குழாய்!

வீட்டில் இதை விளக்கியபோது அப்பா தொடையைத் தட்டினார். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்யா!" ஸ்டோர்களுக்குக் குழாய் அடிக்கும் சுலைமான் பாய் அதற்கும் மேலே போனார். "காரு என்னப்பு காரு, கப்பலுக்கே மாட்டலாம்!"

அக்கா மட்டும் இழுத்தாள். "டேய், ஸ்டோர்ல காய் காய ஒண்ணரை நாளாகும். வளைவுல எனக்கு அவ்வளவு நேரம் கெடையாதுடா." பிறகு, "சரி, நீ படிக்கிறவன். போடு" என்றாள். அவள் என்னை நம்பினாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

குரங்கணி ஸ்டோரில் கழற்றிப் போட்டிருந்த பழைய குழாய்கள், ஒவ்வொன்றும் தொடைத் தண்டி இருந்தன. பானட்டுக்குள் அடங்கவில்லை. மேற்கூரைக்கு ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, மறுபடி இன்ஜினுக்கு இறக்கினார் பாய். ராசிங்காபுரம் நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி கொஞ்சம் யோசித்தது, பிறகு பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பந்தயத்தன்று குழாயைக் கவனிக்க நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். முதல் கொண்டை ஊசி வளைவில் அக்கா ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி மாட்டு வண்டியாக ஊர்ந்தது.

"டேய், காத்து எங்கடா?"

"வந்துக்கிட்டிருக்குக்கா."

"எங்க வந்துக்கிட்டிருக்கு?"

"இப்ப கூரையில ரெண்டாவது சுத்துல இருக்கும்."

காற்று வந்து சேர்ந்தபோது அடுத்த வளைவும் வந்துவிட்டது. வளைவதற்காக ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சேர்ந்த காற்றெல்லாம் போச்சு, முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். இரண்டாவது வளைவிலும் அதே கதை. நான் மனதுக்குள் காரை விற்றே விட்டேன்.

மூன்றாவது வளைவில் அக்கா ஒரு காரியம் செய்தாள். வளைவு வருவதற்கு முன்பே வலது காலால் ஆக்சிலேட்டரை அழுத்தினாள். அந்தக் காலை எடுக்காமல் இடது காலால் பிரேக்கையும் மிதித்தாள். இன்ஜின் உறுமுகிறது, வண்டி அடங்கி வளைகிறது, வளைந்து முடிக்கவும் காற்று வந்து சேரவும் சரியாக இருந்தது. அம்மாடி, என்ன பாய்ச்சல்! யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் செய்து வைத்த கோளாறை இரண்டே வளைவில் படித்து, மூன்றாவதில் தன் சொல்பேச்சுக் கேட்க வைத்துவிட்டாள். அப்படியொரு ஓட்டத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. ஓரத்தில் ஜீப்பை நிறுத்தியிருந்த தோட்டத்து ஆட்கள் விசிலடித்தார்கள்.

ஆனால் புகைக்குச் செய்த குழாய் அத்தனை அழுத்தத்தை எவ்வளவு நேரம் தாங்கும்? போடிமெட்டை நெருங்கும்போது, அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் நின்றிருந்த வளைவாகப் பார்த்து, டமார்! பற்றவைத்த இடம் விட்டுக் குழாய் பிளந்தது. பல வருஷத்து அடுப்புக் கரி மொத்தமும் அப்பாமேல் இறங்கியது.

"நிறுத்துக்கா!" என்று அலறினேன்.

"நிறுத்தறதா? வாயை மூடிக்கிட்டு ஒக்காரு!" டர்போவின் உதவி இல்லாமலே மிச்ச வளைவுகளை ஏறி முடித்தாள்.

நான்காவது இடம் கிடைத்தது. (பெயர் கொடுத்தது ஐந்து கார்கள். ஐந்தாவது கிளம்பவே இல்லை.)

ஜீப்பில் வந்து இறங்கிய அப்பாவிடம் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. அக்கா சாவியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"பின்னால செவப்பு லைட்டும் எரியுது, வண்டியும் பாயுது. மேலருந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். அதெப்படி ஆத்தா?"

அக்கா சொன்னாள். அப்பா சாவியிருந்த அவள் கையை மூடினார். "இந்தக் கருமத்தையே இப்படி ஓட்டுறவ, நல்ல வண்டி குடுத்தா என்ன ஓட்டுவ! மெட்ராசுக்குக் கெளம்பு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ காலேசுக்குக் கெளம்பு. வெரசா."

கோயமுத்தூர் ஸ்லேட்டை மாட்டிக்கொண்டு அக்கா மெட்ராஸ் போனாள், ஓட்டினாள், கோப்பையோடு வந்தாள். அன்றிலிருந்து நான் எங்கே தாமதமானாலும் வீட்டில் ஒரே பதில்தான்: "கூரையில ரெண்டாவது சுத்துல இருப்பாரு."

போன மாதம் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. ஒன்பது மணிக்கு என்று போனில் சொல்லியிருந்தாள். நான் வழக்கம்போலப் பிந்தி, பத்து மணிக்கு மூச்சிரைக்க ஓடினேன். அப்போதுதான் ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டிருந்தார். மற்ற எல்லாருக்கும் பத்து மணி என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"எப்படி நேரத்துக்கு வந்துட்டேன் பார்த்தியாக்கா?" என்றேன்.

"வளைவுக்கு முன்னாடியே மிதிச்சுட்டேன்ல" என்றாள் அக்கா.