துருத்தில் படுத்துக்கிடக்கும் மீன்

நெய்யாறு கடலில் சேரும் இடத்திலிருந்து பாறசாலை வரைக்கும், எதுவானாலும் ஏலம் போட்டுவிடக்கூடிய ஒரே மனிதர் ஏலம் அண்ணன்தான். தொழில் என்னவோ தோணி ஓட்டுவது. ஆற்றின் நடுவே துருத்து என்று ஒரு தீவு, இருபதே வீடுகள். குளத்தூர்க் கரைக்கும் அதற்கும் ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவார். ஆனால் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் சேவலும், கோயில் திருவிழாவுக்கு வரும் வாழைக்குலையும் அவர் வாயில்தான் விலைபோகும். உங்கள் சொந்தப் பெயர் என்ன என்று ஒருமுறை கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டுகொண்டே போயிற்றாம். கடைசி பெஞ்சில் உறங்கிக்கொண்டிருந்த அண்ணன் உறக்கத்திலேயே "ஒருதரம், ரெண்டுதரம்" என்றிருக்கிறார். போதகர் அவசரமாக முடிவு ஜெபத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அங்கே பிரசங்கம் அளவாகத்தான் நடக்கிறது.

இப்பேர்ப்பட்ட ஊருக்குத்தான் நான் சிற்பம் செய்யப் போனேன். நான் ஒரு டிராயிங் மாஸ்டர். அதுவரை நான் செய்திருந்த ஒரே சிற்பம், பள்ளிக்கூட வாசலில் வாயைப் பிளந்து நிற்கும் பென்குயின் குப்பைத்தொட்டி. பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் குப்பை போடுவார்கள், உள்ளே போடமாட்டார்கள். இந்த லட்சணத்தில் ஒரு கலை அமைப்பு என்னை நம்பி, துருத்துக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சிமெண்டுச் சிற்பம் செய்ய வேண்டும் என்று பொறுப்பைக் கொடுத்தது. அமைப்பின் அதிகாரி வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் என் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள். இல்லையென்றால் நான் சாகும்வரை பென்குயின் சார்தான்.

வானத்தைப் பார்த்துத் துள்ளும் மீன் ஒன்றை வரைந்தேன். துருத்தில் கூட்டம் போட்டு, கலையும் மக்களும் என்று முக்கால் மணி நேரம் முழங்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் வேலைக்கு வந்தது ஒரு ஆடு மட்டும். அதுவும் என் வரைபடத்தைத் தின்ன வந்தது.

அண்ணனுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "சாரே, இப்பிடி விளிச்சா ஆரும் வரமாட்டாவ. நான் விளிக்கியேன், பாத்துக்கிடுங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக்காரர்களையும் கோயில் பக்கத்து வீட்டுக்காரர்களையும் தோணித்துறையில் கூட்டினார். சேவல் இல்லை, குலை இல்லை. உழைப்பை ஏலத்துக்கு விட்டார். மணல் சுமக்க யார் ஒரு நாள் தருவார் என்று கேட்டார். சபைக்காரர் ஒருவர் ஒரு நாள் என்றார். கோயில் பக்கமிருந்து இரண்டு நாள் என்று குரல் வந்தது. அவ்வளவுதான், ஊர் சூடாகிவிட்டது. சிமெண்டு குழைக்கிற விஷயத்தில் நாத்தனார்கள் இருவர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் ஒரு மாதம் வரைக்கும் ஏறினார்கள். நானோ எல்லாம் என் பேச்சின் மகிமை என்று சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஏலத்தில் சொன்ன நாளைத் திரும்ப எடுப்பது துருத்தில் பெரிய மானக்கேடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆறே நாளில் மீன் எழுந்து நின்றுவிட்டது. ஏழாம் நாளும் இருபது குடும்பமும் சட்டியும் மண்வெட்டியுமாக வந்து நின்றது. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்றேன். கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பரீட்சை டியூட்டி வேறு இருந்தது. மெருகு போட்டுக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டுத் தப்பித்துப் போனேன்.

மூன்று வாரம் கழித்து வந்தால், மீன் படுத்துக்கிடந்தது. நின்றதை இடித்து, மூன்று பங்கு பெரிதாக, படுத்தவாக்கில் கட்டியிருந்தார்கள். பிளந்த வாய்தான் வாசல். வயிற்றுக்குள் இருபுறமும் சிமெண்டுப் பெஞ்சு. முதுகில் ஓடு. சுருக்கமாகச் சொன்னால், என் சிற்பம் வெயிட்டிங் ஷெட் ஆகியிருந்தது.

"நிக்கிய மீனுக்கு உள்ள ஆரு இருப்பா சாரே? மழ வந்தா தோணிக்கு நிக்கியதுக்கு ஒரு எடம் வேண்டாமா?" என்றார் அண்ணன். எனக்கு அழுகை வந்தது.

மறுநாளே அதிகாரி வந்தார். தோணியில் போகும்போதே அவரிடம், அண்ணனுக்குப் புரியக்கூடாது என்று இங்கிலீஷில் கோள் சொன்னேன். நான் கொடுத்த வடிவம் வேறு, இந்த விவரங்கெட்ட ஜனங்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். என் இங்கிலீஷ் யாருக்கும் புரியக்கூடிய இங்கிலீஷ். அண்ணன் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

கரையேறியதும் மழை பிடித்துக்கொண்டது. அதிகாரி, நான், இருபது குடும்பம், அந்த ஆடு, எல்லோரும் மீன் வாய்க்குள் ஓடினோம். நனையாமல் உட்கார்ந்தபிறகு, இதைச் செய்தது யார் என்று அதிகாரி கேட்டார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"வரச்சது இந்த சாராக்கும். இதில நல்லது உள்ளதெல்லாம் சாருக்கது. ஏதாவது தப்பு உண்டெங்கி, அது எனக்க தப்பாக்கும்" என்றார் அண்ணன்.

அதிகாரி சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பெஞ்சைத் தடவிப் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

கல்லில் என் பெயர் இருக்கிறது. தோணியில் நான் பேசியதைப் பற்றி அண்ணன் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எப்போது போனாலும், "வாருங்க சாரே, மீனுக்கு உள்ள இரியுங்க, இப்ப வாறேன்" என்பார். மன்னிப்புக் கேட்கத்தான் ஒவ்வொரு முறையும் போகிறேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வருகிறேன்.

அண்ணன் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்: அண்ணே, அன்றைக்கு நான் பேசியது தப்பு. உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.