மூழ்க மறுத்த பூச்சியின் கதை

தண்ணீரின் மேல் நடப்பவர்கள் எல்லோரும் சித்தர்கள் என்று படித்தவர்கள் உட்படப் பலர் நம்பிவருகிறார்கள். இது பிழை. இனியும் இதைக் கண்டும் காணாமல் இருப்பது முறையல்ல. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், தண்ணீரின் மேல் நடப்பவர்களில் ஏறத்தாழ எல்லோரும் பூச்சிகள். அவர்களுக்குச் சீடர்கள் கிடையாது, மடம் கிடையாது, ஆறு கால்கள் மட்டும் உண்டு.

அப்படிப்பட்ட ஒருவர், ஒரு காட்டில், தாமரைக் குளம் ஒன்றின் மேல் குடும்பத்தோடு வாழ்ந்துவந்தார். பெயர் மெல்லியான். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணியைப் போன்றது. எடை இல்லாதவர்களை அது தாங்கும். மெல்லியானுக்கு எடையும் இல்லை, வேறு சொத்தும் இல்லை. ஆனால் அறிவியல் பாடப் புத்தகத்தில், 'பரப்பு இழுவிசை' என்ற பாடத்தின் மூலையில் அவருடைய படம் இருந்தது. அதனால் மற்றப் பூச்சிகளைவிடக் கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பார்.

குளத்துக்குக் கெட்ட காலம் வந்தது. காட்டின் தலைவரான யானையார் ஊர்ப்பக்கம் போனபோது ஷாம்பூவின் சுகத்தைக் கண்டுகொண்டார். ஒரு கடை வாசலில் தொங்கிய ஷாம்பூ சரங்களை எல்லாம் தும்பிக்கையால் வாரிக்கொண்டு வந்து, குளத்தோரம் நின்று தலைக்குத் தேய்த்துக் குளித்தார். நுரை பரவிய இடத்தில் தண்ணீர் தளர்ந்தது. மெல்லியானின் பின்னங்கால்கள் இரண்டும் உள்ளே இறங்கிவிட்டன. மகள் அலைச்செல்வி தாமரை இலைமேல் நின்று இழுத்ததால் பிழைத்தார்.

நேரே போய் முறையிட்டார். "ஐயா, குளத்துல ஷாம்பூ கலந்தா எங்களால நிக்க முடியாது. குடும்பத்தோட முழுகிப்போவோம்."

யானையார் நவீனமானவர். "யாரோ வந்து சொல்றாங்கன்னு நான் முடிவெடுக்கிறதில்ல. அறிவியல் என்ன சொல்லுதோ அதுதான். பள்ளிக்கூடத்துல கண்காட்சி வருதில்ல? அங்க செஞ்சு காட்டச் சொல்லு. பூச்சி முழுகிச்சுன்னா இந்தக் குளத்துல இனிமே சோப்பே கிடையாது. முழுகலைன்னா நான் தினமும் குளிப்பேன்."

மெல்லியானுக்கு நம்பிக்கை வந்தது. அறிவியல் தன்னை அறியும் என்று நினைத்தார். படமே போட்டிருக்கிறார்களே!

அலைச்செல்வி படித்த பள்ளியை நடத்தியவர் கொக்கு ஆசிரியர். நாள் முழுவதும் அசையாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பதால் அவரைப் பெரிய நீரியல் அறிஞர் என்று காடு மதித்தது. மீன்கள் மட்டும் வேறு கருத்துக் கொண்டிருந்தன. அந்த ஆண்டுக் கண்காட்சிக்கு அவர் கொடுத்த தலைப்பு: 'குழந்தைகளுக்கான எளிய, செலவில்லாத நீர்ப் பரிசோதனைகள்'. செலவில்லாத என்றால் செலவு பெற்றோருடையது என்று பொருள். எளிய என்றால் அதைப் பெற்றோரே செய்துவிட வேண்டும் என்று பொருள். குழந்தை பக்கத்தில் நின்று ஒப்பிக்கும்.

காட்டில் பெற்றோருக்கு ஏது நேரம்? கிளையப்பன் என்ற குரங்கு எல்லா வீட்டுப் பரிசோதனைகளையும் செய்து விற்றார். வருடா வருடம் அவரிடம் எரிமலைதான் அதிகம் போகும். இந்த வருடம் தலைப்பு நீர் என்றதும், கைவசம் இருந்த எரிமலைகளுக்கு நீலச் சாயம் பூசி 'கடலடி எரிமலை' என்று விற்றார். முயல் வீட்டிலும் முள்ளம்பன்றி வீட்டிலும் ஆளுக்கொன்று வாங்கிப்போனார்கள்.

கொக்கு ஆசிரியர் மெல்லியானைக் கூப்பிட்டு ஒத்திகையை விளக்கினார்.

"தொட்டியில தண்ணி. நீங்க நடுவுல வந்து நிக்கிறீங்க. அலைச்செல்வி ஒரு துளி ஷாம்பூ விடுவா. நீங்க முழுகுவீங்க. தலைவர் கைதட்டுவார்."

"அப்புறம் என்னைத் தூக்கிருவீங்கல்ல சார்?"

"பின்ன, அப்படியே விட்டுருவோமா? நிகழ்ச்சி நிரல்லயே போட்டாச்சு. சிறப்புரை, பரிசளிப்பு, நன்றியுரை, பூச்சியை வெளியே எடுத்தல், அப்புறம் வாழ்த்துப்பா."

"சிறப்புரைக்கு முன்னாடியே எடுத்துட்டா?"

"தலைவர் பேச எழுந்திரிக்கும்போது குறுக்க நடமாடுறதா? என்ன மெல்லியான், படிச்ச பிள்ளையோட அப்பா மாதிரி பேசுங்க."

"எவ்வளவு நேரம் பேசுவாருங்க சார்?"

கொக்கு ஆசிரியர் ஒற்றைக்காலில் நின்று யோசித்தார். "போன வருஷம் அவர் பேச ஆரம்பிச்சப்ப நம்ம தவளைப் பையனுக்கு வால் இருந்துச்சு. முடிச்சப்ப இல்ல."

மெல்லியான் வீட்டுக்கு வந்து, வரமுடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார். பயம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை மகளிடம் மட்டும் சொன்னார்.

"புத்தகத்துல நிக்கிறவன் நான். அத்தனை பேர் முன்னாடி முழுகினா அந்தப் படத்துக்கு என்ன மரியாதை?"

"நீங்க முழுகலைன்னா குளம் போயிருமேப்பா."

"சார் வேற ஏதாச்சும் ஏற்பாடு பண்ணுவார். அவர் அறிஞர்."

ஆசிரியர் ஏற்பாடு பண்ணத்தான் செய்தார். கிளையப்பன் தெர்மாகோலில் ஒரு பூச்சி செதுக்கினார். கறுப்புச் சாயம் அடித்து, கம்பியில் ஆறு கால் வைத்து, கண்ணுக்கு ஜிகினா ஒட்டினார். மெல்லியான் நாணல் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தபோது கிளையப்பன் கண்டுகொண்டார்.

"வாங்கண்ணே. எப்படி இருக்கு? உங்களைவிட உங்களை மாதிரியே இருக்குல்ல?"

மெல்லியான் உற்றுப் பார்த்தார். அது உண்மை.

குளக்கரையில் கண்காட்சி நாள். காலையில் வருவதாகச் சொன்ன யானையார் வெயில் சாய்ந்ததும் வந்தார். வந்ததும் எரிமலைகள் வரிசையாகப் பொங்கின. எல்லா எரிமலைகளையும் அவர் முதல்முறை பார்ப்பதுபோல் வியந்தார். பிறகு அலைச்செல்வியின் தொட்டிக்கு வந்தார். ஊரில் கிடைத்த வாட்டர் கேனைப் பாதியாக அறுத்த தொட்டி.

"வணக்கம். சோப்பு பட்டால் நீரின் பரப்பு இழுவிசை குறையும். அப்போது பூச்சி மூழ்கும்," என்று அலைச்செல்வி ஒப்பித்துவிட்டு ஒரு துளி விட்டாள்.

பூச்சி நின்றது.

இன்னொரு துளி விட்டாள். நின்றது. கிளையப்பன் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து மொத்தமாகக் கொட்டிக் கலக்கினார். நுரை பொங்கி வழிந்தது. அதன் உச்சியில் தெர்மாகோல் பூச்சி, தெப்பத்தில் எழுந்தருளியதுபோல், ஜிகினாக் கண்களால் எல்லோரையும் பார்த்தது.

நாணலுக்குள் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த மெல்லியானுக்கு உடம்பு சிலிர்த்தது. "பாத்தீங்களா! நம்ம சாயல்ல செஞ்சது! அதுகூட முழுகல!" என்று முன்னங்கால்களைத் தட்டினார். அந்தக் கண்காட்சியில் முதல் கைதட்டல் அவருடையது. மற்றவர்கள் அதைக் கேட்டுத்தான் தட்டினார்கள்.

"அறிவியல் சொல்லிருச்சு," என்றார் யானையார். "ஷாம்பூவால பூச்சிக்கு ஒரு கெடுதலும் இல்ல. நாளையிலேர்ந்து குளிக்கிறேன்."

அப்போதுதான் மெல்லியானுக்குத் தாம் எதற்குக் கைதட்டினோம் என்பது உறைத்தது. தட்டுத்தடுமாறிக் கரையேறி ஓடிவந்தார்.

"ஐயா, அது தெர்மாகோல்! அது எதுல போட்டாலும் மிதக்கும்! இதோ நான் வந்துட்டேன். இப்பவே முழுகறேன். நீங்க பேசி முடிக்கிறவரைக்கும் உள்ளேயே கெடக்கேன்!"

யானையார் ஆசிரியரைப் பார்த்தார். "யார் இவரு?"

"தெரிஞ்சவர்தான் தலைவரே. கூப்பிட்டப்ப வரல. இப்ப வர்றார்."

"இன்னொரு தடவை செஞ்சு பாருங்க சார், உங்களைக் கும்புடறேன்!"

கொக்கு ஆசிரியர் குனிந்து, தணிந்த குரலில், பாடம் நடத்துவதுபோல் சொன்னார். "ரெண்டு தடவை செஞ்சா ரெண்டு முடிவு வரும் மெல்லியான். பிள்ளைங்க குழம்பிடும்."

சிறப்புரை தொடங்கியது. அது முடிந்தபோது முதல் பரிசு கடலடி எரிமலைக்குப் போனது. எந்த எரிமலை என்று யாருக்கும் தெரியாததால் முன்வரிசையில் இருந்ததற்குக் கொடுத்தார்கள். ஆறுதல் பரிசு தெர்மாகோல் பூச்சிக்கு: ஒரு சரம் ஷாம்பூ. நிகழ்ச்சி நிரலில் இருந்தபடியே நன்றியுரைக்குப் பிறகு பூச்சியை வெளியே எடுத்து, துடைத்து, ஆசிரியர் அறையில் வைத்தார்கள்.

மறுநாளிலிருந்து யானையார் தினமும் குளித்தார். மெல்லியான் குடும்பத்தோடு கரைச் சேற்றுக்குக் குடிபெயர்ந்தார். தரையில் அவருக்கு நடக்க வராது. தத்தித் தத்திப் போவார். எறும்புப் பிள்ளைகள் பின்னாலேயே அதேபோல் தத்திக் காட்டும்.

நீதி: உங்களை மூழ்கச் சொல்லி அறிவியல் கூப்பிட்டால் போய் மூழ்கிவிடுங்கள். நீங்கள் போகாவிட்டால் உங்களுக்குப் பதிலாகத் தெர்மாகோல் போகும். அது உங்கள் பெயரில் மிதக்கும்.

அரையாண்டுத் தேர்வில், 'நீரின் மேல் நிற்கும் பூச்சி மூழ்காதது ஏன்?' என்று ஒரு கேள்வி வந்தது. அலைச்செல்வி சேற்றில் உட்கார்ந்து, 'அது தெர்மாகோலால் ஆனது' என்று எழுதினாள். இரண்டுக்கு இரண்டு.