கண்ணாடி இல்லாமல் ஒரு நிச்சயதார்த்தம்

கிட்டப்பார்வைக்காரர்களில் இரண்டு வகை. கண்ணாடி போட்டுக்கொள்பவர்கள் ஒன்று. எதிரில் வருவது யாரென்று தெரியாமலே எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பைச் சிரித்து வைப்பவர்கள் இன்னொன்று. வேலைக்குப் போகும்போது நான் முதல் வகை. கல்யாணப் பேச்சு வந்தால் அம்மா என்னை இரண்டாம் வகைக்கு மாற்றிவிடுவாள்.

அப்போது முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, வாங்குபவர் கேட்ட துணியும் நிறமும் சரியாக வருகிறதா என்று பார்ப்பவளாக இருந்தேன். வெள்ளையிலேயே ஏழெட்டு ஷேடு பிரித்துச் சொல்வேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டால், பத்தடி தள்ளி அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு நிற்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

எங்கள் ஊர் ராயபுரத்திலிருந்தே ஒரு வரன் வந்தது. கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். தரகர் சொன்னபடி என் கண்ணாடி அம்மாவின் கைப்பைக்குள் இருந்தது. மாப்பிள்ளை உயரம், நீலச் சட்டை. அதற்குமேல் எனக்குத் தகவல் இல்லை. இருந்தும் பிடித்திருக்கிறது என்றேன். (குரல் நன்றாக இருந்தது. அதை நம்பித்தான்.)

நிச்சயதார்த்தத்தில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சமாளிக்க வேண்டுமே என்று கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண் பரிசோதிக்கும் பெண் பொறுமையாக விளக்கினார். வெளிச்சம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுவதால்தான் எனக்குத் தூரமெல்லாம் கலங்கலாகத் தெரிகிறதாம். கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ அதைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்குமாம். லேசர் என்றால் பவர் ஏறாமல் நிலைத்திருக்க வேண்டும், கருவிழியின் தடிமன் பார்க்க வேண்டும், அடுத்த வாரத்துக்குள் நடக்கிற காரியமில்லை என்றார். சரி, லென்ஸ் என்று முடிவானது. கடையிலேயே போட்டுக் காட்டி, வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் போட்டுப் பழகுங்கள் என்று அனுப்பினார்.

நான் நிச்சயதார்த்தத்தன்று காலையில் பழகினேன். ஒன்று கண்ணுக்குள் போனது, இன்னொன்று வாஷ்பேசினுக்குள் போனது. உள்ளே போனதை வெளியே எடுப்பதற்குள் கண் மிளகாய்ப் பழமாகிவிட்டது. கடைக்குப் போன் செய்தால், சிவப்பு அடங்கும்வரை லென்ஸே தொடக்கூடாது, அடங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள் என்றுவிட்டார்கள்.

அம்மா அசரவில்லை. என் கண்ணாடியை மறுபடியும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையின் பெரியப்பா அன்றைக்குத்தான் முதல்முறையாக வருகிறார், அந்த வீட்டில் அவர் தலையசைக்காமல் எதுவும் நடக்காது, கோபக்காரர் வேறு, உள்ளே வந்ததும் காலில் விழுந்துவிடு என்றாள். அடையாளம் கேட்டேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பெரிய மீசை. (கொங்கு நாட்டு மண்டபத்தில் இது ஓர் அடையாளமா? பாதி மண்டபம் அப்படித்தான் இருந்தது.)

மணமகள் அறையிலிருந்து வெளியே வந்தேன். சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் இருந்து வெள்ளையாக, அகலமாக ஓர் உருவம் வந்தது. தோளில் துண்டு இருந்தது. எல்லோரும் அதற்கு வழிவிட்டார்கள். இவர்தான் என்று ஓடிப்போய்க் காலில் விழுந்தேன். பெருங்காய வாசனை அடித்தது. பெரிய மனிதர், சமையலை நேரில் பார்வையிட்டிருக்கிறார் என்று மெச்சிக்கொண்டேன்.

"நல்லா இரு அம்மிணி" என்று வாழ்த்திவிட்டு அவர் கேட்டார், "பந்தியைப் போட்டரலாமுங்களா?"

நிமிர்ந்து பார்த்தால் கையில் கரண்டி. சமையல் மாஸ்டர்.

விறுவிறுவென்று திரும்பி நடந்தேன். வழியில் இன்னொரு வெள்ளை உருவம் கையை நீட்டி என்னவோ சொன்னது. பந்தியைப் பற்றித்தான் இவரும் கேட்கிறார் போல என்று, "உள்ளே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவர்தான் பெரியப்பா.

கொஞ்ச நேரத்தில், பொண்ணுக்குத் திமிர், சமையல்காரருக்குக் கொடுத்த மரியாதை எனக்கில்லை என்று பெரியப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. அப்பாவின் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது தெரிந்தது. அதற்குமேல் தாங்காமல் வாசலுக்குப் போய்ச் சொன்னேன்.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க."

கண்ணாடி இல்லாமல் என்பதை விட்டுவிட்டேன். ஒரு நொடியில், பொண்ணுக்குக் கண்ணே தெரியாதாம் என்று பின்வரிசைவரை போய்விட்டது. யாரோ ஓர் அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். என் அம்மா தலைதெறிக்க ஓடிவந்து கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டினாள். அப்போதுதான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். (நல்ல முகம். பெருமூச்சே விட்டேன்.) அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் தம்பியான மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னார்:

"பொண்ணைப் பார்த்துட்டோம்னு சொன்னியேப்பா. பொண்ணு இன்னும் நம்மளைப் பார்க்கவே இல்லியே."

மண்டபமே சிரித்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அன்று எடுத்த எல்லாப் படங்களிலும் கண்ணாடியோடுதான் இருக்கிறேன். பிற்பாடு லேசருக்கும் போய்ப் பார்த்தேன், கருவிழி மெலிசு, வேண்டாம் என்றுவிட்டார்கள். இப்போது என் கணவருக்கு வெள்ளெழுத்து வந்து, மாத்திரை அட்டையைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துத் திணறுகிறார். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கருகே வைத்துப் படித்துச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அதே மாஸ்டர்தான் சமைக்கிறார். என்னைக் காட்டி, "என்ற மருமவ" என்று சொந்த மருமகளைப் போலத் தன் ஆட்களிடம் சொல்வார். கண்ணாடியோடு, நன்றாகத் தெரிந்தே, முதலில் அவர் காலில்தான் விழுகிறேன். பெரியப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு இரண்டாவதாக நிற்கிறார்.